இராமநாதபுரம் முதல் இராமேஸ்வரம் வரை: மருத்துவ உதவிக்கு நிதி திரட்டும் நடைப்பயணத்தை நடத்துவது எப்படி?

சென்ற பிப்ரவரி முதல் வாரத்தில் நாங்கள் 42 பேர் இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் வரை மூன்று நாட்களில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நடந்தோம். திரண்ட பணம் எங்கள் பகுதியில் சிறுநீரக நோயாளிகளுக்குப் பயணச் செலவு கொடுத்து உதவும் ஒரு சிறு அறக்கட்டளைக்குப் போயிற்று. டயாலிசிஸ் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்துவிடுகிறது. ஆனால் சாயல்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாரம் இரண்டு மூன்று முறை இராமநாதபுரம் வந்து போகும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஆகிற பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வந்தவர் இழக்கும் ஒரு நாள் கூலி ஆகியவை எந்த அட்டையிலும் அடங்குவதில்லை.

நடை நல்லபடியாகவே முடிந்தது. அதற்கு முந்திய மூன்று மாதங்களும் பிந்திய மூன்று மாதங்களும்தான் எங்களைப் படாதபாடு படுத்தின. அனுமதி விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. ரசீதுப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க நேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து அன்போடு வந்த ஒரு தொகையைத் திருப்பி அனுப்பினோம். உங்களுக்கு இவை நேர வேண்டியதில்லை என்பதற்காகவே, நாங்கள் செய்த வரிசையில் அல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. பணத்தைப் பெறப் போகும் அமைப்பின் காகிதங்களை முதலில் பாருங்கள்

அறக்கட்டளை, சங்கம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான நிறுவனம் ஆகிய மூன்றில் எதுவாக இருந்தாலும் நான்கு காகிதங்களின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்: பதிவுச் சான்று, அமைப்பின் பெயரிலுள்ள பான் அட்டை, அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்குத் தரும் வருமான வரித் துறைப் பதிவு ஆணை (பழைய சட்டத்தில் 12ஏபி), நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் ஆணை (பழைய சட்டத்தில் 80ஜி). கடைசி இரண்டிலும் அவை எந்த ஆண்டு வரை செல்லும் என்று அச்சாகியிருக்கும். அந்த ஆண்டைப் படித்துப் பாருங்கள். பழைய ஆணையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு, புதுப்பிக்க மறந்த அமைப்புகள் உண்டு.

அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கும், அந்தக் கணக்குக்கே உரிய யுபிஐ கியூஆர் அட்டையும் வேண்டும். இவை கிடைக்கும் வரை ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ‘இப்போதைக்கு என் நம்பருக்கே போடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் தனியாள் கணக்கில் விழுந்த பணத்துக்கு அறக்கட்டளை ரசீது போட முடியாது. நூறு பேரிடமிருந்து சிறு தொகைகள் திடீரென்று வந்து குவியும் தனிக் கணக்கை வங்கி கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அந்த நல்ல மனிதர்தான்.

நடையை நீங்கள் நடத்துகிறீர்கள், பணத்தை அவர்கள் பெறுகிறார்கள் என்றால், யார் எதற்குப் பொறுப்பு என்பதை அமைப்பின் கடிதத்தாளில் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காவல் துறை அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவது அந்தக் கடிதம்தான்.

2. தேதி குறிப்பது

இந்த மாவட்டத்தில் தேதி குறிப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிடச் சிக்கலானது. வெயில், மழை, திருவிழா, சட்டம் ஒழுங்கு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களை மறந்துவிடுங்கள். செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளும், அக்டோபர் 30 அன்று பசும்பொன்னில் தேவர் குருபூஜையும் நடைபெறுவதால் அக்காலத்தில் மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கம். பழைய 144 என்று நாம் சொல்லிப் பழகியது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவு. எண் மாறினாலும் ஊர்வலத்துக்கு அனுமதி கிடைக்காது என்பது மாறவில்லை. நவம்பரும் டிசம்பரும் வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் உரியவை. மார்ச்சில் பொதுத் தேர்வுகள் வருவதால் பள்ளிக் கட்டடங்கள் கிடைக்காது. ஏப்ரலுக்குப் பிறகு இந்தச் சாலையில் காலை ஒன்பது மணிக்கு மேல் நடப்பது தற்கொலைக்குச் சமம். ஆகப் பொங்கலுக்குப் பின் பிப்ரவரி முடிய உள்ள ஆறு வாரங்கள்தான் மிஞ்சுகின்றன.

அந்த ஆறு வாரங்களிலும் பொறிகள் உண்டு. தை அமாவாசைக்கு முன்னும் பின்னும் இராமேஸ்வரத்தில் தங்க இடமிருக்காது. பாம்பன் பாலத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். குடியரசு நாளையொட்டிப் பாலத்தில் பாதுகாப்புக் கெடுபிடி கூடும். நடப்பவர்களிலும் நன்கொடையாளர்களிலும் கணிசமானவர்கள் முஸ்லிம்களாக இருக்கும் இந்தக் கரையில், நோன்பு மாதத்தில் நடை வைப்பது பாதிப் பேரை விட்டுவிட்டு நடப்பதாகும். 2027இல் தை அமாவாசை பிப்ரவரி 6 அன்று வருகிறது. ரமலான் நோன்பு, பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின்னாக, அதற்கடுத்த ஓரிரு நாட்களிலேயே தொடங்கிவிடும். எனவே அடுத்த ஆண்டு நடப்பதாக இருந்தால் ஜனவரி 29, 30, 31 ஆகிய வெள்ளி, சனி, ஞாயிறு பொருத்தமாகத் தெரிகின்றன. வெள்ளியன்று ஜும்ஆ தொழுகைக்கு முன்பே அன்றைய நடையை முடித்துவிடும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அனுமதி முறையே மாறிவிடும். அந்தச் சமயத்தில் உண்டியல் பணத்தை வண்டியில் வைத்துக்கொண்டு போவதும் கூடாது; உரிய ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறக்கும் படை பறிமுதல் செய்யும்.

3. பாதையை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் நாள் இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, இரண்டாம் நாள் உச்சிப்புளியிலிருந்து மண்டபம், மூன்றாம் நாள் மண்டபத்திலிருந்து பாம்பன், தங்கச்சிமடம் வழியாக இராமேஸ்வரம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் வரும். நின்று, தண்ணீர் குடித்து, நடக்க முடியாதவர்களுக்காகக் காத்திருந்து, ஒரு கூட்டம் மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர்தான் போகும் என்று கணக்கு வையுங்கள். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பத்தரைக்குள் சேர்ந்துவிடலாம்.

தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது. இராமேஸ்வரத்துக்கு அப்பால் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கடைசிப் பகுதியில் நிழலென்று ஒன்றும் கிடையாது, இருபுறமும் கடலும் மணலும்தான். மாலைக்குப் பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள். முதல் ஆண்டு அதைச் சேர்க்காதீர்கள்.

பாதையைப் பற்றி வரைபடத்தில் தெரியாத ஒன்று உண்டு. நீங்கள் கிழக்கு நோக்கி நடக்கிறீர்கள், காலையில் நடக்கிறீர்கள். ஆறரை மணியிலிருந்து சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். நாங்கள் வாங்கித் தந்த தொப்பிகள் வெறும் துணித் தொப்பிகள், முன்விளிம்பு இல்லாதவை. முதல் நாளே பலர் துண்டை நெற்றியில் மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்த தலையோடு நடந்தார்கள். நெற்றிக்கு முன்னால் நாலு விரல் நீண்ட விளிம்புள்ள தொப்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமான தளம் இருக்கிறது. ட்ரோன் வைத்துப் படமெடுக்கலாம் என்று உங்கள் குழுவின் இளைஞர்கள் கேட்பார்கள். அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. அனுமதிகள்

நடைக்கு 45 நாட்களுக்கு முன் விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பாதை ஒரே காவல் உட்கோட்டத்துக்குள் இருந்தால் துணைக் கண்காணிப்பாளரிடம் கொடுக்கலாம். இந்தப் பாதை இராமநாதபுரம், இராமேஸ்வரம் ஆகிய உட்கோட்டங்களுக்குள் போவதால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்து, நகலை இரண்டு துணைக் கண்காணிப்பாளர்களுக்கும் வழியிலுள்ள ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் அனுப்புவதே நல்லது.

எங்கள் முதல் விண்ணப்பம் ஏன் திரும்பியது தெரியுமா? ‘இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் வரை’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தோம். எந்த நிலைய எல்லையில் எத்தனை மணிக்கு நுழைவோம், எத்தனை மணிக்கு வெளியேறுவோம் என்று கேட்டார்கள். இரண்டாவது முறை அதைக் கொடுத்தோம். உடன் வரும் வண்டிகளின் எண்ணும் ஓட்டுநர் உரிம நகலும் இல்லை என்று திரும்பியது. ஆகையால் ஒரே கட்டில் இவ்வளவையும் வையுங்கள்: விண்ணப்பக் கடிதம், அமைப்பின் பதிவுச் சான்று நகல், பொறுப்பாளர்கள் மூவரின் ஆதார் நகலும் கைப்பேசி எண்ணும், நேரத்தோடு கூடிய பாதை அட்டவணை, நடப்பவர்களின் பெயர், வயது, ஊர்ப் பட்டியல், வண்டிகளின் பதிவுச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், இரவு தங்கும் இடத்தின் உரிமையாளர் தந்த சம்மதக் கடிதம். தபால் பிரிவில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள்.

ஒலிபெருக்கி வேண்டுமென்றால் அதைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். காலை ஆறு மணிக்கு முன் ஒலிபெருக்கி வைக்கவே கூடாது. நீங்கள் ஐந்து மணிக்குப் புறப்படுவதால் துவக்க விழாவில் மைக் இல்லை என்பதைச் சிறப்பு விருந்தினரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் துவக்க விழா ஏழு நிமிடத்தில் முடிந்ததற்கு இந்த விதிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

108 ஆம்புலன்ஸ் சேவையின் மாவட்டப் பொறுப்பாளருக்கும், வழியிலுள்ள அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் நாள், நேரம் குறித்த கடிதம் கொடுங்கள். இது அனுமதி அல்ல, தகவல்தான். என்றாலும் ஒருவர் மயங்கி விழும் நேரத்தில் ‘எந்த நடை, எங்கே?’ என்ற கேள்வி எழாது.

5. உறுதிச் சீட்டும் ரசீதும்

இந்த முழு வேலையும் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். நடப்பவர் ஒவ்வொருவரும் தன் உறவினர், தெருவார், கடைக்காரர்களிடம் ஒரு சீட்டை நீட்டி, ‘நான் இவ்வளவு தூரம் நடக்கிறேன், நீங்கள் இவ்வளவு தருவீர்களா?’ என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

வெளியூர் நடைகளில் கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கேட்பது வழக்கம் என்று யாரோ சொன்னதை நம்பி நாங்களும் அப்படியே சீட்டு அடித்தோம். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று ஒரு மளிகைக் கடைக்காரர் எழுதினார். நடை முடிந்து போய் நின்றபோது பத்து ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர்மேல் குற்றமில்லை, சீட்டில் ‘10’ என்றுதான் இருந்தது. இன்னொரு பக்கம், மண்டபத்தோடு கால் வீங்கி நின்றுவிட்ட ஒரு பெண்ணுக்கு 36 கிலோமீட்டருக்கு உரிய 360 ரூபாயா, முழு 550 ரூபாயா என்று நன்கொடையாளரே எங்களைக் கேட்டார். எனவே மொத்தத் தொகையை எழுதுங்கள். எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். நடந்தாலும் பாதியில் நின்றாலும் இது நோயாளிக்கான நன்கொடை என்ற ஒரு வரியைச் சீட்டின் கீழே அச்சிடுங்கள்.

முடிந்தவரை தொகையை நடைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். எங்களுக்கு எழுதிக் கிடைத்த உறுதி 4,18,500 ரூபாய். நடை முடிந்த அன்று கையில் இருந்தது 2,06,000. மார்ச் 31 வரை அலைந்து திரிந்து 3,37,000 ஆக்கினோம். மீதி 81,500 ரூபாய் அன்றும் சீட்டில்தான் இருந்தது. ஏமாற்ற நினைத்தவர்கள் யாருமில்லை. நடையன்று இருந்த உற்சாகம் பத்து நாளில் தணிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உச்சிப்புளிச் சாலையோர டீக்கடைப் பெரியவர் ஒருவர் மட்டும் முன்பணம் தர மறுத்தார். சீட்டை வாங்கி, காதில் செருகியிருந்த பேனாவால் ‘ரூ. 500’ என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் இழுத்தார். “நடந்து முடிச்சுட்டு வாம்மா, தர்றேன். நடக்காம வந்தா டீ மட்டும் தர்றேன்” என்றார்.

ரசீதில் இருக்க வேண்டியவை: அமைப்பின் பெயர், முகவரி, பான், 80ஜி பதிவு எண், வரிசை எண், தேதி, கொடுத்தவரின் முழுப் பெயர், முகவரி, அவருடைய பான் அல்லது ஆதார் எண், தொகை, செலுத்திய முறை. எங்கள் முதல் ரசீதுப் புத்தகத்தில் கொடுத்தவரின் பான் எண்ணுக்குக் கட்டமே விடவில்லை. அதனால்தான் மறு அச்சு. ஆண்டு இறுதியில் அமைப்பு ஒவ்வொரு நன்கொடையையும் கொடுத்தவரின் அடையாள எண்ணோடு வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; எண் இல்லாமல் அவருக்குச் சான்றிதழ் வராது.

வரிக் கழிவு பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே இல்லை. பழைய முறையில் இருப்பவருக்கும் இத்தகைய அமைப்புகளுக்குத் தந்ததில் பாதித் தொகைக்குத்தான், அதுவும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற வரம்புக்கு உட்பட்டு. ‘முழுசாகக் கழியும்’ என்று ஆசிரியர் ஒருவரிடம் எங்கள் குழுவில் ஒருவர் சொல்லி வைத்ததற்கு நான் போய் மன்னிப்புக் கேட்டு வந்தேன்.

கடைகளும் நிறுவனங்களும் பெயர் போடச் சொல்லிக் கேட்பார்கள். நன்றிக்காகப் பெயரைப் போடலாம். ‘இங்கே வாங்கினால் தள்ளுபடி’ என்ற பாணியில் விளம்பரமாகிவிட்டால் ஜிஎஸ்டி கேள்வி வரும். நன்கொடையாளரின் பெயரை நன்றியாக மட்டும் காட்டுவதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2019இல் சுற்றறிக்கையே வந்திருக்கிறது.

6. வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கொருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். நம் நடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் பார்த்தவுடன் அனுப்புகிறேன் என்பார்கள். இந்த இடத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்: கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட்?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எங்கே வேலை செய்தாலும், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ரசீதோடு வையுங்கள். ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர், அவர் இங்கே பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவருடைய பணத்தை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைப்புக்குப் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் பணம் முதலில் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வந்தாக வேண்டும். எங்கள் அமைப்புக்கு அந்தப் பதிவு இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஒரு மாமா அனுப்பிய நாற்பதாயிரத்தை, தணிக்கையாளர் சொன்னபடி, திருப்பி அனுப்பினோம். அவர் மனம் சற்றுக் கசந்தது. முன்பே கேட்டிருந்தால் அதுவும் நேர்ந்திருக்காது. இங்கிருக்கும் சொந்தக்காரர் கணக்குக்கு அனுப்பச் சொல்லி அவர் பெயரில் ரசீது போடலாம் என்ற யோசனை வரும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

7. செலவு

எங்கள் செலவு 78,000 ரூபாய். நடப்பவர்கள் 42 பேர், உதவியாளர்கள் பத்துப் பேர் என்ற கணக்கில், மூன்று நாள் சாப்பாட்டுக்கு 31,000, ஒரு வேனுக்கும் ஒரு சிறு சரக்கு வண்டிக்கும் 16,500, இரண்டு இரவு தங்கலுக்கு 14,000, தண்ணீர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், மருந்துக்கு 6,200, அச்சுக்கும் துணிப் பேனருக்கும் 5,800, காப்பீட்டுக்கும் சில்லறைக்கும் 4,500. நடப்பவர் ஒவ்வொருவரிடமும் பதிவுக் கட்டணமாக 500 வாங்கியதில் 21,000 வந்தது. மீதி 57,000 ரூபாயை, ‘இது நடைச் செலவுக்கு’ என்று தெரிந்தே மூன்று பேர் தந்தார்கள். நோயாளிக்கென்று வாங்கிய பணத்தில் ஒரு டீகூட குடிக்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள்.

டி-ஷர்ட் அடிக்காதீர்கள். எத்தனை பேர் கேட்டாலும் அடிக்காதீர்கள்.

8. நடப்பவர்களைத் தயார் செய்வது

நடைக்கு எட்டு வாரங்களுக்கு முன் பட்டியலை மூடுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு சம்மதப் படிவம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றை வாங்குங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் ஒப்புதல் எழுதி வாங்கி வரட்டும். வங்கிக் கணக்குள்ள, 18 முதல் 70 வயதுக்குட்பட்ட எல்லோரையும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. குழு விபத்துக் காப்பீடும் எடுக்கலாம். அதற்குப் பெயர்ப் பட்டியல் இறுதியாகியிருக்க வேண்டும் என்பதால்தான் எட்டு வாரம் என்றேன்.

வாரம் இரண்டு நாள், ஐந்து கிலோமீட்டரில் தொடங்கிப் பதினைந்து வரை நடந்து பழகட்டும். புதுச் செருப்பு, புது ஷூவோடு வருபவரை முதல் நாளே வண்டியில் ஏற்றிவிட்டாலும் தவறில்லை. ரப்பர் செருப்பும் வேண்டாம். இந்தச் சாலையின் ஓரமெல்லாம் சீமைக்கருவேல மரம்; வெட்டிப் போட்ட கிளையின் முள் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும். உச்சிப்புளிக்கு முன்னால் என் பின்னால் வந்த கல்லூரி மாணவர் ‘அக்கா’ என்று மட்டும் சொல்லி நின்றார். ரப்பர் செருப்பின் அடியில் நுழைந்து மேற்பட்டையின் பக்கமாக ஒரு முள் வெளியே எட்டிப் பார்த்தது. காலை எடுக்க முடியவில்லை. செருப்போடு சேர்த்துத் தைத்துவிட்டது. சரக்கு வண்டியில் இடுக்கி இருந்தது, மருந்துப் பெட்டி இருந்தது; வண்டி மட்டும் இரண்டு கிலோமீட்டர் முன்னால் போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து ஊக்கு, சாமணம், கிருமிநாசினி, பிளாஸ்திரி அடங்கிய சிறு பையைக் கடைசியில் நடப்பவரின் தோளில் மாட்டினோம்.

கொப்புளத்தை உடைக்க வேண்டாம். ஒட்டுப் போட்டு, பருத்திக் காலுறை இரண்டு அடுக்காகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

9. நடக்கும் நாட்களில்

தண்ணீர்தான் முதல் கவலை. இந்தக் கரையில் வழியில் அடிக்கும் பம்பு நீர் பெரும்பாலும் உவர்ப்பாக இருக்கும். ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வைத்து, ஆறு மணி நேரத்துக்கு 42 பேருக்கு 126 லிட்டர். இருபது லிட்டர்க் கேன் ஏழு போதும் என்றாலும் ஒன்பது ஏற்றுங்கள். தண்ணீர்ப் பொட்டலமும் பிளாஸ்டிக் தம்ளரும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. ஆளுக்கொரு எவர்சில்வர் தம்ளரோ பாட்டிலோ கொண்டு வரச் சொல்லுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம் ஒரு தம்ளரில் என்பது கூடாது. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். வியர்வை நின்று, தோல் சூடேறி, பேச்சுக் குழறினால் அது களைப்பு அல்ல, வெப்ப வாதம். நிழலில் கிடத்தி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

கழிப்பறையைப் பற்றி ஆண்கள் மட்டும் இருக்கும் குழுவில் யாரும் பேசமாட்டார்கள். எங்கள் 42 பேரில் 19 பேர் பெண்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஓரிடம் என்ற கணக்கில் பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றில் முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டு, சாவி யாரிடம் இருக்கும் என்பது வரை குறித்துக்கொண்டோம். இல்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். மயக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு சிறு பொறி. இரண்டாம் நாள் தங்கல் மண்டபத்தில் ஒரு திருமண மண்டபம். ‘சாப்பாடு மண்டபத்துக்கு வந்துவிடும்’ என்று குழுவில் ஒரு செய்தி போட்டோம். சமையல்காரர் அதை முதல் நாள் தங்கிய உச்சிப்புளி மண்டபம் என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் மண்டபத்தில் பசியோடு உட்கார்ந்திருக்க, சாம்பார் அண்டா உச்சிப்புளியில் ஆறிக்கொண்டிருந்தது. ஊரை ‘மண்டபம் ஊர்’ என்றும், தங்குமிடத்தை ‘ஹால்’ என்றும் எழுதுங்கள்.

பாம்பன் பாலத்தை விடியும் நேரத்தில் கடந்துவிடுங்கள். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், இருவழிச் சாலைதான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தைப் பார்க்க வண்டிகளை நடுவழியில் நிறுத்துவோர் கூட்டம் ஏழு மணிக்கெல்லாம் சேர்ந்துவிடும். ஒற்றை வரிசை, முன்னும் பின்னும் ஒளிரும் மேல்சட்டை அணிந்த ஆள், நடுவில் நிற்பதில்லை, செல்ஃபி இல்லை. காற்று பலமாக இருக்கும். பேனரைப் பாலத்துக்கு முன்பே சுருட்டி வண்டியில் போட்டுவிடுங்கள். பேனரை விரித்துக்கொண்டு ஏறிய எங்கள் இரண்டு பேர் பாய்மரம் பிடித்தவர்களைப் போலச் சாலையின் நடுவுக்குத் தள்ளப்பட்டார்கள்.

10. நடை முடிந்த பிறகு

அன்றன்று வந்த ரொக்கத்தை அடுத்த வேலை நாளிலேயே வங்கியில் கட்டுங்கள். பத்து நாளுக்குள் வரவையும் செலவையும் ஒரே தாளில் போட்டு, நடந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

உறுதி தந்து இன்னும் கொடுக்காதவர்களை இரண்டு முறை மட்டும் நினைவூட்டுங்கள். மூன்றாவது முறை கேட்டால் அடுத்த ஆண்டு அவர் கதவைத் திறக்கமாட்டார். நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. ஜனவரியில் நடந்த நடைக்கே ஆனாலும், ஏப்ரலில் வந்த பணத்துக்குச் சான்றிதழ் அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் வரும். இதை முன்பே சொல்லிவிட்டால் வரிக் கழிவு தேவைப்படுபவர்கள் தாமாகவே மார்ச்சுக்குள் தந்துவிடுவார்கள்.

நாங்கள் நடந்த ஆண்டுக்கு அமைப்பு 10பிடி என்ற அறிக்கையை மே 31க்குள் தாக்கல் செய்து, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற சான்றிதழை இறக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், உங்கள் நடைக்குப் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் வேறாக இருக்கும். தணிக்கையாளரிடம் எண்ணைச் சொல்லாமல் ‘நன்கொடை அறிக்கை’, ‘நன்கொடைச் சான்றிதழ்’ என்று கேளுங்கள். பான் எண்ணையும் பெயரின் எழுத்துகளையும் மே முதல் வாரத்திலேயே சரிபாருங்கள். எங்கள் பட்டியலில் பதினோரு பேருக்கு ஓரெழுத்துப் பிழை இருந்தது.

டீக்கடைப் பெரியவரிடம் நான் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் இரண்டாம் தேதி. “நடந்தியாம்மா?” என்று கேட்டார். சீட்டை நீட்டினேன். டீயும் கொடுத்தார், ஐந்நூறும் கொடுத்தார். அவர் ரசீதுக்குப் புதுப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டியிருந்தது. இந்த ஆண்டுக் கணக்கில் வரிசை எண் ஒன்று அவருடையது.